நாலு மா

என் கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தைவான் ஆபீசில் உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம் சீன மொழியில் 'உன் அம்மா சௌக்கியமா' என்று கேட்கப் போய், குரல் இறங்கி ஏறிவிட்டதால் அது 'உன் குதிரை சௌக்கியமா' என்று ஆகிவிட்டது, எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்றாய். நீயும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் போனை வைக்கும்போது 'சரி மா' என்றாயே, அந்த 'மா' சிரிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய பாடப் பக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு நானும் சொல்லிப் பார்த்தேன். சுருதி பிடிப்பதுபோல் உயரத்தில் நேராக நிறுத்தினால் அம்மா. கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கினால் நார்ச்செடி. பள்ளத்தில் இறங்கி ஏறினால் குதிரை. வெடுக்கென்று கீழே போட்டால் திட்டுவது. அம்மா குதிரை ஏறினாள், குதிரை மெதுவாகப் போனது, அம்மா குதிரையைத் திட்டினாள் என்று அங்கே நாப்பழக்கத்துக்கு ஒன்று சொல்வார்கள் என்றாயே, 'மாமா ச்சீ மா, மா மான், மாமா மா மா', அதை அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலிலிருந்து "எந்த மாமா வந்திருக்கிறார்?" என்று கேட்டார். அங்கே மாமா என்றால் அம்மா. ஜார்ஜியா நாட்டில் மாமா என்றால் அப்பா, தெரியுமா? அம்மாவை அவர்கள் 'தெதா' என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய கேள்வி 'மா'தான். 'நீ ஹாவ் மா?' என்று கேட்கிறார்கள். நாம் 'நீ நலமா?' என்கிறோம். முதல் சொல்லும் நீ, கடைசி ஓசையும் மா. முப்பது வருஷம் தமிழ் வகுப்பு எடுத்தவளுக்கே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் நம் 'மா' தனிச்சொல் அல்ல, நலம் என்பதன் மகரத்தோடு கேள்வி 'ஆ' சேர்ந்து வந்தது. அவர்களுடையது தனிச்சொல். குதிரையும் அப்படித்தான். நம்மிடம் மா என்றால் விலங்கு, குறிப்பாகக் குதிரை என்றும் பொருள் உண்டு. கடைத்தெருவில் அரிமா சங்கம் என்று போர்டு பார்த்திருப்பாயே, அந்த மா. சீனக் குதிரைக்கும் அதற்கும் உறவில்லை. ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து எல்லாம் தமிழிலிருந்து போனது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழுக்கு அந்த இரவல் பெருமை தேவையே இல்லை.

ஏனென்றால் நிஜமாகவே போனது ஒன்று இருக்கிறது. போன கோடையில் ஒரு கிண்ணம் நிறையத் துருவிய ஐஸ், அதன் மேல் மாம்பழத் துண்டுகள் என்று ஒரு படம் அனுப்பினாய். அந்தப் பழத்துக்கு அங்கே 'மங்குவோ' என்று பேர். குவோ என்றால் பழம். முன்னால் இருக்கும் 'மங்' நம் மாங்காய். மலையாளக் கரையில் மிளகுக்காக வந்த போர்த்துகீசியர் காதில் அது 'மாங்ஙா' என்று விழுந்தது, 'மங்கா' என்று எடுத்துப் போனார்கள். அதிலிருந்துதான் இங்கிலீஷில் மேங்கோ. கிழக்கே மலாய்க்காரர்களும் 'மங்கா' என்கிறார்கள். காய்க்கும் கனிக்கும் தனித்தனிப் பேர் வைத்தவர்கள் நாம். மா மரத்தில் இருப்பது மாங்காய், பழுத்தால் மாம்பழம். உலகமோ பழுத்து மணக்கிறதைக்கூட மாங்காய் என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நீ அங்கே தைனான் ஊர் மாம்பழம் கேட்டு வாங்கும்போதெல்லாம் பாதித் தமிழ் பேசுகிறாய்.

அரபியில் 'மா' என்றால் 'இல்லை'. சித்தப்பா சவுதியிலிருந்து வந்த புதிதில் சோறு போடட்டுமா என்றால்கூட 'மாஃபி' என்பாரே. தெலுங்கில் 'மா' என்றால் 'எங்கள்'. இலங்கையில் நம்மவர்கள் மாவை இன்றும் மா என்றே சொல்கிறார்கள், கோதுமை மா, அரிசி மா என்று.

அப்புறம் நம் வீட்டு மா, நிலத்தை அளக்கும் மா. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்றாலே இருபதில் ஒரு பங்கு, அதனால்தான் வேலியில் இருபதில் ஒன்றுக்கும் அதே பேர். நமக்கு இருப்பது நாலு மா. பத்திரத்தில் ஏக்கரும் சென்டுமாக இருந்தாலும் அப்பா இன்றைக்கும் 'நாலு மாவும் அறுப்பு முடிந்தது' என்றுதான் சொல்கிறார். தாத்தாவின் கணக்கு நோட்டில் அந்தப் பின்னத்துக்கு ஒரு குறி இருக்கும், நீ சின்ன வயதில் அதன் மேல் கலர் பென்சிலால் வரைந்திருக்கிறாய். அந்தப் பழைய குறிகளை எல்லாம் 2019இல் கம்ப்யூட்டர் எழுத்துகளின் பொதுப் பட்டியலான யூனிகோடில் சேர்த்துவிட்டார்கள். உன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்.

அம்மாவுக்கு மட்டும் ஏன் இத்தனை மொழிகளில் இதே ஓசை என்று கேட்டாய். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர் சொன்னது எனக்குச் சரியென்றே படுகிறது. பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைத்திருக்கும், சத்தம் மூக்கு வழியாகத்தான் வரும், 'ம்ம்ம்' என்று. பிறகு பசித்தாலும் அதே சத்தம், வாயைத் திறந்தால் 'மா'. நீ அப்படித்தான் செய்தாய். ஒரு கையால் என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, விட்டு விட்டு 'ம்ம்' என்பாய். எந்த மொழி என்று அப்போது யார் கேட்டது!

அங்கே குரல் மாறினால் வார்த்தையே மாறிவிடுகிறது. இங்கே நீ எப்படிச் சொன்னாலும் அர்த்தம் மாறாது. ஆனால் காய்ச்சல் என்றால் உன் 'மா' நீளும். சம்பளம் வந்தால் துள்ளும். மறைக்க ஏதாவது இருந்தால் 'சரி மா' என்று குட்டையாக விழும், போன ஞாயிறு விழுந்தது மாதிரி. நானும் உன்னை 'சொல்லும்மா', 'சாப்பிட்டியாம்மா' என்று அதே ஓசையில்தானே கூப்பிடுகிறேன். அடுத்த தடவை என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லும்மா.

அந்தப் பெண்ணிடம் திரும்பவும் கேள். குரலை மேலேயே வை, இறக்காதே. அவள் அம்மா எப்படி இருக்கிறாள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

வடுமாங்காய் போட்டிருக்கிறேன். தைவானுக்கு அனுப்ப விடுவார்களா என்று கூரியர் கடையில் அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
அம்மா