செவிலை வெட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே

கிரனாடா

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் ஸ்பெயின் பயண அட்டவணை வந்து சேர்ந்தது. பச்சை, மஞ்சள், ஊதா என்று கட்டம் கட்டமாக வண்ணம் பூசி, ரயில் நேரத்தையெல்லாம் நிமிடம் பிசகாமல் போட்டிருக்கிறாய். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போட்ட கை, வேறென்ன. இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு ஆய்வகமே வீடு, மருமகனுக்கு ஓயாத சளி, எனக்கு வழக்கமான முதுகுவலி. அண்ணனை விசாரித்ததாகச் சொல். லட்டு இன்னமும் அந்தச் சிட்பண்ட் விவகாரத்தையே பேசிக்கொண்டிருக்கிறாளா? விமானத்தில் உன் பக்கத்து இருக்கை அவளுக்கு என்றால், பஞ்சு மறக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாட்ரிட், டொலேடோ, கோர்டோபா, செவில், காதிஸ், ரோந்தா, மாலகா, கிரனாடா, இதோடு முலசேன் சிகரம் வேறு. அதுவும் ஜூலையில்! அடியே, உனக்கு என்ன ஆச்சு? டிக்கெட் விலை குறைவு என்று எழுதியிருக்கிறாய். ஏன் குறைவு என்று யோசித்தாயா? கோர்டோபாவிலும் செவிலிலும் ஜூலை மதியம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த ஊர்க்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். இடையில் இருக்கும் எசிகா என்ற ஊருக்கு, இந்தத் தென்பகுதியான அந்தலூசியாவின் வாணலி என்றே பட்டப்பெயர். வேலூர் வெயிலைப் பார்க்காதவளா நான் என்று சொல்வாய். வேலூர் வெயிலில் நீ கோட்டையைச் சுற்றினாயா? மின்விசிறிக்கு அடியில்தானே கிடந்தாய்.

அக்டோபர் இரண்டாம் பாதியில் வாருங்கள். 12-ஆம் தேதி இங்கே தேசிய விடுமுறை, அதை ஒட்டிய நாட்களில் ஊரே கிளம்பி வெளியே வரும், அது கழியட்டும். பகலில் நடக்க இதமாக இருக்கும். மலையில் கஷ்கொட்டை மரங்கள் மஞ்சளாகும். மழை ஓரிரு நாள் வரலாம், வரட்டும்.

இப்போது உனக்குப் பிடிக்காத சேதி. உன் அட்டவணையிலிருந்து செவிலை வெட்டிவிட்டேன். காதிஸையும் டொலேடோவையும் ரோந்தாவையும்கூட. நீ கத்துவது இங்கே கேட்கிறது. செவில் இல்லாமல் தென் ஸ்பெயினா, ஜிரால்டா கோபுரத்தில் கிட்டத்தட்ட உச்சி வரை சாய்தளமாகவே ஏறலாமாமே, பாங்கு சொல்பவர் குதிரையிலேயே போவாராமே என்று நீ குறித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எல்லாம் உண்மை. அல்காசர் அரண்மனையும் அற்புதம்தான். கோர்டோபாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தானே என்பாய். அந்த முக்கால் மணி நேரம்தான் ஏமாற்றும். அறையைக் காலி செய்ய ஒரு காலை, ரயிலடிக்குப் போக, காத்திருக்க, இறங்கி இன்னொரு அறையைத் தேட, லட்டுவின் பெட்டிச் சக்கரம் கல் பாவிய சந்தில் மாட்டிக்கொள்ள என்று ஒரு நாள் போய்விடும். பெரிய ஊர் ஒன்றை அரை மனதாகப் பார்ப்பதற்கு, அதைப் பார்க்காமலே இருக்கலாம். அந்த நாட்களை எடுத்து மலைக்குக் கொடுத்துவிட்டேன்.

என் கணக்கு இது. மாட்ரிட்டில் இறங்கியதும் தூங்குங்கள், சுற்ற வேண்டாம். மறுநாள் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கோர்டோபா. அங்கே இரண்டு இரவு. பிறகு ரயிலிலேயே கிரனாடா, என் வீட்டில் மூன்று இரவு. அப்புறம் நாம் மூவரும் அல்புஹாரா மலைக்கு, நான்கு இரவு. கடைசியில் மாலகா, அங்கிருந்து ரயிலில் மாட்ரிட். அவ்வளவுதான். ஒவ்வொரு பெரிய இடத்துக்கும் மறுநாள் ஒன்றுமே இல்லாத நாள் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் எதையும் எழுதிவிடாதே, உன் கை சும்மா இராது என்று எனக்குத் தெரியும்.

கோர்டோபாவில் மெஸ்கீதாவுக்குக் காலை 8.30-க்கே போய்விடுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அந்த ஒரு மணி நேரம் கட்டணமில்லை, கொடி பிடித்த வழிகாட்டிகளின் கூட்டமும் இருக்காது. அக்டோபரில் அந்த நேரத்துக்குத்தான் அங்கே பொழுதே விடியும். 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிவாசல் அது. பிறகு வந்தவர்கள் நீட்டிக்கொண்டே போனார்கள். உள்ளே 850-க்கும் மேல் தூண்கள். தூண்களை உற்றுப் பார், ஒன்று போல் ஒன்று இருக்காது. பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை நிறைய, நிறம் வேறு, தலைப்பகுதி வேறு. தூண்கள் குட்டை என்பதால்தான் மேலே வளைவுக்கு மேல் வளைவாக இரண்டடுக்கு வைத்துக் கூரையை உயர்த்தினார்கள். சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல், மறுபடி சிவப்பு. நடுவில் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயத்தை எழுப்பிச் செருகியிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. என் மகளோ அந்தத் தேவாலயம் இல்லாவிட்டால் மொத்தத்தையும் இடித்திருப்பார்கள் என்கிறாள். நீ வந்து பஞ்சாயத்து பண்ணு.

கிரனாடாவின் அல்ஹம்பிரா கோட்டைக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன். உள்ளே இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்கு மட்டும் குறித்த நேரம் உண்டு, தவறினால் உள்ளே விட மாட்டார்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சேர்த்துத்தான் டிக்கெட், வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும். நீ தமிழ் வாத்தியாரம்மா என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்த அரண்மனையின் சுவரெல்லாம் எழுத்து. சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்கள் சுமக்கும் தொட்டியின் விளிம்பைச் சுற்றி இப்னு ஸம்ரக் என்ற கவிஞனின் வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவன் அந்த அரசவையில் அமைச்சனும்கூட. தண்ணீரும் பளிங்கும் ஒன்றாகத் தெரிகின்றன, இவற்றில் ஓடுவது எது என்று கண்ணுக்குப் புரியவில்லை என்று அதில் ஓர் இடம். அதை மகள் படித்துச் சொன்னபோது உன்னைத்தான் நினைத்தேன். 1492 ஜனவரியில் அந்த முஸ்லிம் அரசவையார் கிறித்தவ அரசர்களிடம் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பாட்டு அங்கேயே இருக்கிறது.

இனி மலை. இதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதப் போகிறேன், காபி போட்டுக்கொண்டு வா.

கிரனாடாவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பகுதி முழுக்க வளைவு. கொடைக்கானல் பஸ்ஸில் வார்டன் மடியில் நீ செய்த காரியத்தை மனதில் வைத்து, முன் இருக்கையில் உட்கார். போக்கெய்ரா பள்ளத்தாக்கின் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று ஊர்கள், பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா. மேலே இருக்கும் கப்பிலெய்ரா 1,400 மீட்டருக்கு மேல். அங்கேதான் தங்குகிறோம். வீடுகளெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, கூரை மட்டும் ஓடில்லாத மட்டக் கூரை. கஷ்கொட்டை உத்திரம் போட்டு, பலகைக் கல் பரப்பி, அதன் மேல் சாம்பல் நிறக் களிமண்ணைக் கொட்டி மிதித்துவிடுகிறார்கள், தண்ணீர் இறங்குவதில்லை. கூரையின் மேல் தொப்பி போட்ட புகைபோக்கிகள். ஒரு வீட்டின் மாடி தெருவைத் தாண்டி எதிர் வீட்டைத் தொடும், அதற்கு அடியில்தான் நாம் நடக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது தண்ணீர் விஷயம். ஊருக்கு மேலே நடந்தால் பாதை ஓரமாகவே வாய்க்கால் ஓடும். மேலே சியெரா நெவாதாவில் உருகும் பனியை மலைச்சரிவோடு கூட்டிவந்து வயலுக்கு விடுவதற்கு முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டியவை. சில வாய்க்கால்கள் வயலுக்கே போவதில்லை. மேலேயே ஒரு சரிவில் தண்ணீரைப் பரவவிட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுகின்றன. அது உள்ளேயே மெல்ல ஊறி, வெயில் காலத்தில் கீழே ஊற்றாக வெளிவரும். அணையும் கிடையாது, பம்பும் கிடையாது, மலையையே தொட்டியாக்கி வைத்திருக்கிறார்கள்! வசந்தத்தில் மகளோடு போயிருந்தபோது ஒரு கிழவர் மண்வெட்டியோடு வந்து, மடையில் செருகியிருந்த பலகைக் கல்லைத் தூக்கி, சேற்றை இரண்டு வெட்டு வெட்டி எதிர்ப்பக்கம் அப்பினார். தண்ணீர் ஒரு நொடி தயங்கிவிட்டு அடுத்த வயலுக்குத் திரும்பியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். உங்கள் ஊர் நீர்பாய்ச்சியை அப்படியே பெயர்த்து இங்கே நட்டது போலிருந்தது. உன் அப்பா இருந்திருந்தால் கிழவரோடு பாஷை தெரியாமலே சண்டைக்குப் போயிருப்பார்.

இதில் மனசைப் பிசையும் பகுதி ஒன்று இருக்கிறது. 1568-இல் இந்த மலை மக்கள் கலகம் செய்தார்கள். இஸ்லாமிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய பின்னும் பேச்சு, உடை, பெயர் எல்லாவற்றையும் விடச் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள். 1571-க்குள் அடக்கி, ஊர் ஊராகக் காலி செய்து அனுப்பிவிட்டு, வடக்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வந்தவர்களுக்கு இந்த வாய்க்கால் சூட்சுமம் தெரியாது என்பதால் ஊருக்கு இரண்டு பழைய குடும்பங்களை மட்டும் நிறுத்தி வைத்தார்கள் என்று இங்கே சொல்வார்கள். அந்த இரண்டு குடும்பத்தை எப்படித் தேர்ந்தெடுத்திருப்பார்கள், பக்கத்து வீடுகளெல்லாம் காலியானதும் அவர்கள் எப்படிச் சோறு தின்றிருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது கிரனாடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் தன்னார்வலர்களைக் கூட்டிப்போய், கைவிட்ட வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள். நாம் வரும்போது அப்படி ஏதாவது நடந்தால், நீ மண்வெட்டி பிடி, நான் படம் எடுக்கிறேன்.

முலசேன் ஏறப் போவதில்லை. 3,479 மீட்டர், இந்தத் தீபகற்பத்திலேயே உயரமானது. அக்டோபர் கடைசியில் மேலே பனி விழலாம். உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறிப் பாதியில் உட்கார்ந்து சுண்டல் தின்றவள் நீ, ஞாபகம் இருக்கட்டும். அதற்குப் பதிலாகக் கப்பிலெய்ராவிலிருந்து ஆற்றின் ஒரு கரையோடு லா செபதியா வரை போய், பாலம் தாண்டி மறு கரையோடு திரும்புகிற பாதை. காலையில் கிளம்பினால் அவசரமில்லாமல் மதியத்துக்குள் முடிந்துவிடும். மறுநாள் சும்மா. அதற்கடுத்த நாள் பம்பனெய்ராவரை இறங்கி, ஏறுவதற்குப் பஸ். முழங்கால் இறக்கத்தில்தான் வலிக்கும், கோல் ஒன்று இருந்தால் போதும்.

மாலகாவில் காமினிதோ தெல் ரே என்ற நடைபாதை ஒன்றைத்தான் விட்டு வைத்திருக்கிறேன். எல் சோர்ரோ ரயிலடியில் இறங்கி, வடக்கு வாசலுக்குப் பஸ் பிடித்து, ஒரே திசையில் திரும்பி நடந்து வர வேண்டும். தலையில் ஹெல்மெட் மாட்டிவிடுவார்கள். பள்ளத்தாக்கின் சுவரில் ஆணியடித்த பலகைப் பாதை, கீழே நூறு மீட்டர். 1901 முதல் 1905 வரை நீர்மின் நிலையத்து வேலையாட்களுக்காகப் போட்ட பழைய பாதை, உடைந்து தொங்குவது காலுக்கு அடியிலேயே தெரியும். புதியது 2015-இல் திறந்தது, பயமில்லை. லட்டு வர மறுத்தால் ரயிலடிப் பக்கம் காபி குடிக்கட்டும், நாம் அந்தப் பக்கம்தானே வந்து இறங்குவோம்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. சைவம் என்றால் இங்கே பலர் பன்றித்தொடையைச் சின்னதாக நறுக்கித் தூவித் தருவார்கள், அது அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது. ‘சின் ஹமோன், சின் அதுன்’ என்று மனப்பாடம் செய், பன்றித்தொடையும் சூரை மீனும் இல்லாமல் என்று அர்த்தம். கத்தரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், கீரையும் கொண்டைக்கடலையும் உண்டு, நீ ஒரு தட்டு போதாது என்பாய். ஆனால் மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல், இரவு எட்டரைக்கு மேல். உனக்குச் சுகர் இறங்கினால் நாங்கள் என்ன செய்வது? பையில் கடலை உருண்டை இல்லாமல் என் வீட்டு வாசலை நீ தாண்டக் கூடாது, இது விளையாட்டுப் பேச்சில்லை.

அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருந்தாயே, ‘இனிமே எங்க போகப் போறோம், எல்லாத்தையும் பார்த்துடலாம்’ என்று. அதைப் படித்தபிறகுதான் இந்த எட்டு ஊருக்கும் காரணம் புரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தடவை வெளியே வர இத்தனை பேரிடம் அனுமதி வாங்கிவிட்டாய், இனி கேட்க முடியாது என்று நீயே முடிவு கட்டுகிறாய். ஏன்? பென்ஷன் உன்னுடையது, கால் உன்னுடையது. அண்ணன் தோசை சுடக் கற்றுக்கொண்டு வருஷமாயிற்று. செவிலை நான் வெட்டியது அடுத்த தடவைக்காக. அதை அப்படியே வீட்டில் சொல், அடுத்த தடவை செவில் என்று. அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை இழுக்காதே. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் வேண்டும். பதிவை ரத்து செய்ய வழியுள்ள அறைகளாகப் பார்த்துப் போடு. அழைப்புக் கடிதம் மகள் அனுப்புவாள். உன் பாஸ்போர்ட் எண்ணையும் லட்டுவுடையதையும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, அல்ஹம்பிராவுக்கு வேண்டும். நடைக்கு ஷூ இப்போதே வாங்கி, தினமும் கடைத்தெருவுக்கு அதையே போட்டுப் பழகு. புளியும் பெருங்காயமும் கொண்டுவா. வடகம் வேண்டாம், போன தடவை ஒருவர் கொண்டுவந்தது பெட்டியில் மாவாகிக் கிடந்தது.

உன்,
புளிமூட்டை