படங்களோடு எச்சரிக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருநகரங்களின் அமானுஷ்யமான தெருக்கள், பக்கத்திலேயே இருக்கும் ஒதுக்குப்புறக் கடற்கரைகள் பற்றிப் பயணப் பக்கத்தில் வரும் கட்டுரைகளை விரும்பிப் படிக்கிறேன். பகலில் கால்வைக்க இடமில்லாத அலுவலக வீதி இரவில் வெறிச்சோடிப் போய், பழைய சோடியம் விளக்கின் மஞ்சளில் மற்ற நிறமெல்லாம் மங்கி, நம் செருப்புச் சத்தமே சுவரில் பட்டு யாரோ பின்னால் வருவதுபோல் கேட்கும்போது வருகிற சிலிர்ப்புக்குப் பேய்க்கதையே தேவையில்லை.

சரி, தெருவில் பயம் வந்தால் திரும்பி நடந்துவிடலாம். கடல் அப்படியில்லை. ஆளில்லாத கரையில் உயிர்காப்பாளரும் இருக்கமாட்டார். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் பலநேரம் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் இருக்கும், அதன் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும், நன்றாக நீந்துபவராலும் எதிர்த்து வர முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். அப்புறம், பாறைகளுக்கு நடுவே இருக்கும் சிறு கரைகளில் ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறினால் திரும்பும் வழியே மூழ்கிப்போகலாம். அழகான படங்களுக்குப் பக்கத்தில் இதையும் அந்தந்த இடத்தின் ஓத நேரத்தையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

ஒரு வாசகர்