நீல நட்டு நம்பர் பிளேட்டுக்குப் போதும்

ஆசிரியருக்கு,

காவேரிப்பட்டணத்தில் 22 வருஷமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்சக்கரத்தில் கடகடவென்று சத்தமாம். பார்த்தால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு நட்டைக் காணோம், இன்னொன்று விரலிலேயே சுழல்கிறது. எல்லாம் நீல நிற அலுமினிய நைலாக் நட்டு, அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. ஆன்லைனில் வாங்கி, அழகுக்காகத் தானே மாட்டினானாம். இந்த வண்டியில்தான் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போய் வந்திருக்கிறான்!

நட்டைக் குறை சொல்லவில்லை. எடை குறைவு, இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. ஆனால் மிருதுவானது. இரும்பு நட்டுக்குக் கொடுக்கிற இறுக்கத்தை இதற்குக் கொடுத்தால் மரை உரிந்துவிடும். ஆக்சில், பிரேக், ஸ்ப்ராக்கெட்டுக்கெல்லாம் கம்பெனி போட்ட இரும்பு நட்டுதான்.

மாட்டுவதிலும் பசங்க ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் நைலான் வளையம் போல்ட்டைவிடக் கொஞ்சம் சின்னது. போல்ட் அதை நெருக்கிக்கொண்டு போவதால்தான் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் நட்டு கழலாது. வளையம் வெளிப்பக்கம் இருக்கும்படி வைத்துக் கையால் சுற்றினால் வளையம் வரை சுலபமாக ஏறும். அதற்கு முன்பே சுற்ற முடியாமல் இறுகினால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றிவிட வேண்டும். வளையத்தைத் தொட்டதும் ஸ்பேனர் கனக்கும். அது நைலானின் பிடி. இறுகிவிட்டது என்று நினைத்து அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நட்டு வாஷரில் அழுந்தி உட்கார வேண்டும், போல்ட் முனை 2 மரையாவது வெளியே தெரிய வேண்டும். தம்பியின் வண்டியில் முனை வளையத்துக்குள்ளேயே நின்றிருந்தது.

காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னில் விரட்டி ஏற்றினால் சூட்டில் நைலான் இளகிவிடும். சைலன்சர் ஓரத்தில், 120 டிகிரிக்கு மேல் சூடேறும் இடத்தில் இது ஆகவே ஆகாது. கழற்றிய நட்டைத் திரும்பப் போடுவதும் வேண்டாம். நானும் ஆரம்பத்தில் பத்து ரூபாய் மிச்சம் பார்த்துப் போட்டவன்தான், மறைக்கவில்லை.

அவன் வாங்கிய பாக்கெட்டில் பளபளவென்று படம் இருந்தது, எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது என்று ஒரு வரி இல்லை. விற்பவர்கள் அதைத் தமிழில் அச்சடித்தால் என்ன?

ஸ்ப்ராக்கெட்டுக்குப் புது இரும்பு நட்டு போட்டேன். தம்பி முகம் வாடிப்போனதைப் பார்த்து, பாக்கெட்டில் மிச்சமிருந்த புது நீல நட்டில் இரண்டை நம்பர் பிளேட்டில் மாட்டி அனுப்பினேன்.

– ஒரு டூவீலர் மெக்கானிக்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.