எங்கள் தெருவைத் தாண்டிப் போகும் கம்பி

கிராம இணையத்துக்காக டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். எங்கள் ஊராட்சியில் ஏழு குக்கிராமங்கள். ஊராட்சி அலுவலகம் இருக்கும் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஏரி. கரையைச் சுற்றிப் போனால் மூன்றரை கிலோமீட்டர்.

எங்கள் தெரு மின்கம்பங்களில், கரண்டு கம்பிக்குக் கீழே, கறுப்பாக மெல்லிய கம்பி ஒன்று போகிறது. கண்ணாடி இழைக் கம்பி. அதைக் கட்ட ஆட்கள் வந்த அன்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். "நம்ம ஊருக்கு நெட்டு வருதா அண்ணா?" என்று கேட்டதற்கு, "ஊராட்சி ஆபீசுக்குப் போகுதும்மா" என்று பதில் வந்தது. எங்கள் தொடக்கப் பள்ளி, ரேஷன் கடை, மாரியம்மன் கோயில் எல்லாவற்றையும் தாண்டி அது ஏரிக்கரைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. கட்டியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களிடம் எந்த வேலை கொடுக்கப்பட்டதோ அதை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனார்கள். எந்த வேலையைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடி. 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் அங்கேதான் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். மழை வந்தால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். இன்று அந்த இடத்தில் நாங்கள் நிற்கிறோம். குழுக் கடன் விவரத்தை ஏற்ற வேண்டுமானால் நான் சாயங்காலம் நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போக வேண்டும். ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும்; மறுபடியும் முதலிலிருந்து. முதியோர் பென்ஷன் கொடுக்க கைரேகை மெஷினோடு வரும் பெண், சிக்னல் தேடி மரத்தடிக்கு மரத்தடி மாறுவாள். எழுபது, எண்பது வயதுக் கிழவிகள் அவள் பின்னாலேயே தடியூன்றி நடப்பார்கள். அந்த வரிசையைப் பார்க்கும் ஒவ்வொரு மாதமும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

2023 ஜனவரி முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர, நூறு நாள் வேலையின் எல்லாத் தளங்களிலும் வருகைப் பதிவு செயலி வழியாகத்தான் என்று ஆனது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். படம் ஏறவில்லை என்றால், வெயிலில் வரப்பு வெட்டியவளின் கூலிக்கே கேள்வி வரும். இணையம் கைக்கு வருவதற்கு முன்னமே, அது இல்லாமல் எதுவும் நடக்காது என்ற ஏற்பாடு எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது.

பணம் இல்லாததால் இப்படி என்றால் பொறுத்துக்கொள்வோம். பணம் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை, எட்டாத இடங்களுக்குச் சேவை கொண்டுசெல்வதற்காகச் செலுத்துகின்றன. 2002-ல் தொடங்கி, 2003-ல் சட்டத் தகுதி பெற்ற இந்த நிதிக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் கொடுத்த பெயர்தான் டிஜிட்டல் பாரத் நிதி. அந்த வருவாய் எங்கிருந்து வருகிறது? தொட்டியடியில் நின்று ரீசார்ஜ் செய்கிறவர்களிடமிருந்தும்தான். ஆகவே சலுகை கேட்பதாக இதைப் படிக்க வேண்டாம்.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் கதையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2011-ல் தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல். 2015-ல் பெயர் மாற்றம். முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளைத் தொடுவதற்கு 2017 டிசம்பர் ஆயிற்று. தமிழ்நாட்டில் டெண்டர் 2020-ல் ரத்தாகி, 2022 ஜூனில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை ஆரம்பமானது. ஒரு கைக்குழந்தை பத்தாம் வகுப்பை நெருங்கும் அளவுக்குக் காலம் போயிருக்கிறது. போனது போகட்டும்.

நான் பேச வந்தது 2023 ஆகஸ்ட் 4 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்திய பாரத்நெட் திட்டத்தைப் பற்றி. 1,39,579 கோடி ரூபாய். அதில் 2.64 லட்சம் ஊராட்சிகளுக்குக் கம்பி வளையமாகப் போகும்; ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் வழியாகத் தொடர்பு நிற்கும். நல்ல ஏற்பாடு. ஊராட்சித் தலைமையிடம் அல்லாத ஏறத்தாழ 3.8 லட்சம் கிராமங்களுக்கோ, கேட்பு வந்தால் இணைப்பு தரப்படும் என்று இருக்கிறது.

கேட்பு வந்தால். இந்த இரண்டு சொல்லில்தான் எங்கள் ஊர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

யார் கேட்க வேண்டும்? எத்தனை வீடு கேட்டால் அது கேட்பு? இணையம் இல்லாத ஊர், இணையதளத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டுமா? எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் "நெட்டு வேண்டுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்றுதான் சொல்வார்கள். மாதம் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம். ஒருநாளும் அனுபவித்திராத ஒன்றை எப்படிக் கேட்பது என்ற தயக்கம். அதே வீட்டுப் பிள்ளை கல்லூரி விண்ணப்பம் போட டவுனுக்குப் பஸ் ஏறி, கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு வரும். அந்தப் பஸ் காசையும் அன்றைய கூலி இழப்பையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், அதுதான் எங்கள் கேட்பு. அது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது: ஏட்டில் வராத செலவு, செலவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

தெருவிளக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது யாரும் கேட்புப் படிவம் நீட்டவில்லை. ரேஷன் கடைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் அப்படித்தான். பெரிய பஸ் நுழைய முடியாத ஊர்களுக்காக 1997-ல் மினி பஸ் விட்டபோது, அங்கே டிக்கெட் வாங்க ஆள் இருக்கிறதா என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. முதலில் பஸ் வந்தது, பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண் பிள்ளைகள் ஏறினார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2019-ல் உயர் நீதிமன்றமே இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது. உரிமை என்று ஆன பிறகு அதைக் கேட்புக்குக் காத்திருக்க வைக்கலாமா?

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள். அவற்றில் ஏறத்தாழ 79,000 குக்கிராமங்கள். சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறுக்கு மேல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 'கிராமம்' வேறு. 2011 கணக்கில் அப்படிப்பட்டவை மாநிலம் முழுவதும் 16,000-க்குள் அடங்கிவிடும். ஆக, ஊராட்சித் தலைமையிடம் அல்லாத எல்லாக் கிராமத்துக்கும் கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் நாளைக்கு அறிவித்தாலும், காலனிகளும் மலைச்சாதி மக்களின் ஊர்களும் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்களும் அந்தக் கணக்குக்கு உள்ளேயே வராமல் போகலாம். தலைமையிட ஊரில் இல்லாதவர்கள் யார் என்று எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். ரோடும் தண்ணீரும் கடைசியாக வந்த அதே தெருக்காரர்கள்தான்.

அதனால் கேட்கிறேன்: கேட்பு என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். கம்பி எந்தக் குக்கிராமத்தின் வழியாகப் போகிறதோ, அங்கே ஒரு கிளையை இறக்கிவிட்டுத்தான் அடுத்த கம்பத்துக்குப் போக வேண்டும் என்று விதி எழுதுங்கள். வீடு வீடாக இன்றே வேண்டாம். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மகளிர் குழுக் கட்டடம், இந்த நாலு இடம் போதும். அங்கே வந்துவிட்டால் வீடுகள் தானாகக் கேட்கும்.

இன்னொன்று, இணைத்தோம் என்று எழுதுவதோடு கணக்கை மூடாதீர்கள். வைக்கோல் ஏற்றிய லாரி உரசினால் கம்பி அறும். மின்வாரியத்தார் கிளை வெட்டும்போது அறும். உள்ளே செம்பு இருக்கும் என்று நினைத்து அறுக்கிறவர்களும் உண்டு. அதில் இருப்பது கண்ணாடி, எடைக்குப் போட்டால் ஒரு ரூபாய் கிடைக்காது என்று ஊருக்கு யாராவது சொல்ல வேண்டும். கம்பி வந்து சேரும் இணையப் பெட்டி இருக்கும் அறைக்குக் கரண்டு பில் யார் கட்டுவது, பேட்டரி செத்தால் யார் மாற்றுவது என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கோடிக்கணக்கில் போட்ட கம்பி அந்தச் சின்ன விஷயத்தில்தான் செத்துக் கிடக்கும். புதிய திட்டத்தில் 10 ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் சேர்த்திருக்கிறீர்கள். அதை ஊராட்சிப் பெட்டி உயிரோடு இருந்த நேரத்துக்குக் கொடுக்காமல், குக்கிராமத்துப் பள்ளியில் இணையம் உயிரோடு இருந்த நேரத்துக்குக் கொடுங்கள். அந்த மணிக்கணக்கை மாதாமாதம் ரேஷன் கடைச் சுவரில் எழுதிப் போடுங்கள். சரியா தப்பா என்று நாங்கள் சொல்கிறோம்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. எங்கள் ஊர் கேபிள்காரர் இருபது வருடமாக ஒவ்வொரு வீட்டுக்கும் வயர் இழுத்து வைத்திருக்கிறார். எந்தக் கம்பத்தில் குரங்கு ஏறும் என்பது வரை அவருக்குத் தெரியும். ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் கம்பெனி வேலைக்குக் காத்திருக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அறுந்த இழையை ஒட்டும் மெஷினை ஒன்றியத்துக்கு ஒன்று கொடுத்து இவர்களுக்குப் பழக்கிவிட்டால், ஆள் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு இணைப்பு கொடுத்து வருமானத்தில் பங்கு பெறும் உத்யமி முறை திட்டத்திலேயே இருக்கிறது. அதில் மகளிர் கூட்டமைப்புகளையும் சேருங்கள். வாரச் சந்தா வசூலித்துக் கணக்குக் காட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. தவணை தவறாமல் கடன் கட்டுகிறவர்கள் நாங்கள்.

இதை எழுதி முடிப்பதற்கு முன் எங்கள் பதினான்கு குழுக்களையும் உட்காரவைத்துப் பேசினோம். அடுத்த கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானம் தயார். ஏழு குக்கிராமங்களின் பெயர், ஒவ்வொன்றிலும் உள்ள வீடுகள், பள்ளி, அங்கன்வாடி, கம்பி போகும் கம்பங்களின் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. கையெழுத்தும் கைநாட்டுமாக இருநூற்றுப் பதினோரு பேர். நிபந்தனையை நீங்கள் எடுக்கும்வரை அதுவே எங்கள் கேட்பு. எந்த அலுவலகத்துக்கு, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள். தபாலிலேயே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சி மகளிர் குழுக் கூட்டமைப்பின் கணக்காளர்,
தருமபுரி மாவட்டம்.