குன்னூர் ஏறப்போகும் காருக்காக

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். கரண்ட் கார் பற்றி நீ கேட்டது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். எட்டு வருஷத்தில் பேட்டரி போய்விடும், பெட்ரோல் காரே போதும் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றாய். இங்கே குன்னூர் பெட்போர்டு டீக்கடையிலும் அதே பேச்சுதான். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கு. ஆனால் பதினைந்து வருஷம் வைத்து ஓட்டும் எண்ணத்தோடு வாங்கு.

எட்டு வருஷம் என்பது வாரண்டிக் கணக்கு. நம் நாட்டில் பல கார்களுக்கு பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குள் பேட்டரியின் கொள்ளளவு சொன்ன அளவுக்குக் கீழே இறங்கினால் கம்பெனி பொறுப்பு, அவ்வளவுதான். ஒன்பதாம் வருஷம் கார் நின்றுவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. முன்பு 250 கிலோமீட்டர் ஓடியது 200 ஓடும். உன் ஆபீஸ் ஓட்டத்துக்கு அது தாராளம்.

கரண்ட் கார்களில் வரும் ஒரு வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 2,000 தடவைக்கு மேல் முழுசாக ஏற்றி இறக்கலாம். ஒரு தடவைக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 5 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. பீளமேட்டில் இருந்துகொண்டு நீ எப்போது அவ்வளவு ஓட்டப்போகிறாய்? உன் பேட்டரி ஓடித் தேயாது. வயதும் சூடும்தான் அதைக் கிழடாக்கும். நிசான் லீஃப் 2010-ல் வந்தபோது அதன் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் அரிசோனா வெயிலில் ஓட்டியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள்ளேயே தூரம் குறைந்துபோனது. அதனால் ஷோரூமில் வண்டியின் கலரைப் பார்ப்பதற்கு முன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல், அதாவது திரவம் ஓடிச் சூட்டை எடுக்கும் ஏற்பாடு, இருக்கிறதா என்று கேள். கோயம்புத்தூர் சித்திரை வெயிலில் வண்டியை முழு சார்ஜோடு நாள் கணக்கில் வெளியே நிறுத்தி வைக்காதே.

அடுத்தது மலை. இந்த இயற்பியலைத்தான் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்தினேன், கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? ஆட்களோடு 1,800 கிலோ வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் தூக்க வேண்டும். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். சாலையில் உருள்வதற்கும் மோட்டாரில் வீணாவதற்கும் சேர்த்தாலும் 40 யூனிட் பேட்டரிக்கு இது பெரிய சுமை இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டும்போது பாதி சார்ஜ் இருந்தால் தைரியமாக ஏறி வா.

இறங்குவதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. பக்கத்து வீட்டு டாக்சிக்கார அண்ணன், "கியரே இல்லாத வண்டியில் எப்படிக்கா இறங்குறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாவது கியரில் இறங்கு என்றுதான் நாம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிப் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன கதை இந்த மலையில் எவ்வளவு! கரண்ட் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். ஏறும்போது தூக்கச் செலவானதில் கிட்டத்தட்ட பாதி கிடைத்துவிடும். ஆனால் பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் திரும்பி வருவதை வாங்க இடம் இருக்காது; மோட்டார் பிடிக்கும் பிடி குறைந்துவிடும். குன்னூரிலிருந்து நூறு சதவீதத்தோடு கிளம்பினால் பர்லியார் பக்கத்து வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டி வரலாம். எண்பதில் நிறுத்திக்கொள். இதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

எனக்கு உண்மையான கவலை ரிப்பேர்தான். எஸ்டேட்டில் தேயிலை மூட்டை ஏற்றும் பழைய ஜீப்புகளைப் பார்த்திருக்கிறாய். கிளட்ச், ஸ்பிரிங், இன்ஜின் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அவற்றை உயிரோடு வைத்திருப்பது இங்குள்ள மெக்கானிக்குகள். ஒரு வண்டிக்கு ஆயுசு கொடுப்பதே பட்டறைதான். கரண்ட் காரை அவர்கள் தொட முடியாது, கோளாறைக் கண்டுபிடிக்கவே லாப்டாப் வேண்டும். நின்றுபோனால் மலையிலிருந்து ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர்தான் போக வேண்டும். அதனால் விலையைப் பேசும்போதே கேள்: பேட்டரிக்குள் ஒரு பகுதி கெட்டால் அதை மட்டும் மாற்றித் தருவார்களா, முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்வார்களா? நழுவிப் பேசினால் வேறு கம்பெனி பார்.

சார்ஜ் போடும் பிரச்சினையும் இருக்கிறது. நம் வீடு படியிறங்கிக் கீழே, கார் நிற்பது மேலே ரோட்டோரம். அப்பா வீட்டிலிருந்து ஒயர் இழுத்துவிடலாம் என்கிறார். ஐப்பசி மழையில் நனைகிற ஒயருக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மேலே தகரக் கொட்டகை போட்டு, 15 ஆம்ப் பிளக்கும் சரியான எர்த்தும் வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன். அதில் ராத்திரி முழுக்கப் போட்டால் 30 யூனிட் வரை ஏறும்.

ஊரைப் பற்றிக் கேட்டாயே. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே மாதம் வந்தது, இருந்தும் சீசனில் பெட்போர்டைக் கடக்க முடியவில்லை. கரண்ட் கார் வந்தாலும் ரோடு அகலமாகாது. ஆனால் ஏற்றத்தில் நின்று நின்று நகரும் வண்டிகளின் புகை சிம்ஸ் பார்க் நடைபாதை வரை வருகிறது, ஸ்கூல் பிள்ளைகள் அதற்குள்ளேதான் நடக்கிறார்கள். 1932-லிருந்து பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுக்கும் மலை இது. இங்கே ஏறும் வண்டி புகை விடாமல் ஏற வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

தீபாவளிக்கு வரும்போது மரம் விழுந்து கரண்ட் போனாலும் போகும், அதனால் சார்ஜ் மிச்சம் வைத்து வா. பர்லியார் பக்கம் மண் சரிந்திருந்தால் அப்பா காலையிலேயே போன் செய்வார், கோத்தகிரி வழியாக வந்துவிடு.

அன்புடன்,
அம்மா