நாய்களுக்கு மட்டும் பெயர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பெரிய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சேர்த்து வைத்திருக்கும் பீங்கான் பொம்மைகளையும் அவர் வளர்க்கும் இரண்டு இராஜபாளையம் நாய்களையும் பற்றிச் சென்ற இதழில் ஆறு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். "நம் ஊரில் பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடியைத் தாண்டி யோசிக்கத் தெரியாது" என்ற வரி மட்டும் இல்லாதிருந்தால், நானும் மற்றவர்களைப் போல மகிழ்ந்து படித்துவிட்டு இதழை மடித்து வைத்திருப்பேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருப்பதும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்விநிலையம் இருப்பதும் தாங்கள் அறியாததல்ல. அந்தப் பேட்டையில் உள்ள ஒரு பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பொம்மை வார்த்தவன் நான். மோர்க்குழம்புப் பதத்தில் கரைத்த மண்கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சி ஓரம் கனப்பதற்குக் காத்திருந்து, மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, காதையும் வாலையும் தனியே ஒட்டி, ஒட்டிய தடம் தெரியாமல் ஈரப்பஞ்சால் துடைப்போம். சூளையில் சுருங்கும்போது முதலில் விரிசல் விடுவது அந்தக் காதுதான். ஒருமுறை ஏற்றுமதிக்குச் செய்த நாய்ச் சோடிகளில் காது விரிந்தவற்றுக்கெல்லாம் எங்கள் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். வாங்கிப் போனவர்கள் அடியில் ஒட்டிய சீட்டில் எங்கள் ஊர்ப்பெயர்கூட இல்லை.

இருக்கட்டும், கட்டுரைக்கு வருகிறேன். அந்த இயக்குநர் சேர்த்திருக்கும் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் நாய்ப் பொம்மைகளைத் தங்கள் நிருபர் "கையால் வனையப்பட்ட அரச குடும்பத்துப் பொக்கிஷம்" என்கிறார். வனைவது என்றால் சக்கரத்தில் வைத்துச் செய்வது. அந்த நாய்களோ களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, பாதிகளை ஒட்டிச் செய்தவை. விக்டோரியா அரசி காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் கணப்படுப்பின் மேல்தட்டில் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பதற்காகச் சோடியாக வாங்கிய மலிவுச் சரக்கு அது. போதாததற்கு, அந்த இயக்குநர் பொம்மையைக் கவிழ்த்துக் காட்டும் படம் ஒன்றையும் போட்டிருக்கிறீர்கள். பழைய பொம்மைகளின் அடியில் காற்று போவதற்கு ஊசி நுழையும் அளவில்தான் துளை இருக்கும். தங்கள் படத்தில் என் கட்டைவிரலே நுழையும். பிற்காலத்தில் கூழ் ஊற்றி வார்த்ததன் அடையாளம் அது என்று எங்கள் பட்டறைப் பையனே சொல்லிவிடுவான். எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பதையும் அச்சிட்டு அந்தப் பெரிய மனிதரைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டாம்.

நாய் விஷயத்திலும் அப்படியே. இராஜபாளையம் இனத்தை "நாட்டுக்கு அறிமுகப்படுத்தியவர்" என்று அவரைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டிலேயே அந்த நாய்க்குத் தபால்தலை வெளியிட்டுவிட்டது. நாய் வளர்ப்பதில் எனக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. எங்கள் திண்ணையிலும் ஒன்று படுத்திருக்கிறது. ரத்தன் டாடா 2018-இல் மும்பையில் டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸைப் புதுப்பித்துத் திறந்தபோது தெருநாய்களுக்கு அங்கே தனி அறை ஒதுக்கப்பட்டிருந்ததைப் படித்து நெகிழ்ந்தவன்தான். ஆனால் தங்கள் அட்டைப்படத்தில் இரண்டு நாய்களின் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்க, அவற்றின் சங்கிலியைப் பிடித்து நிற்கும் மனிதரைத் தோளுக்கு மேல் வெட்டிவிட்டீர்களே, அதைத்தான் மூன்று நாளாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை இதழில் எங்கள் அகல் விளக்குகளின் படத்தைப் போட்டு "வடநாட்டு வரவு" என்று எழுதியதும் தாங்கள்தான். அன்று நான் எழுதிய கடிதம் வந்து சேரவில்லை என்றே இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், 'வனையப்பட்ட' என்பதை 'அச்சில் செய்யப்பட்ட' என்று திருத்தி, சங்கிலி பிடித்திருந்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்து இரண்டு வரி போட்டால் போதும். ஆண்டுச் சந்தாவை வழக்கம்போல இம்மாதமே அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
விருத்தாசலம்.