பெயின்ட் அடிப்பதற்கு முன் பில்லரைப் பாருங்கள்: சென்னை அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் மூன்று நான்கு மாடி வீடுகள் என்று கட்டிய பழைய அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். குறிப்பாக, உங்கள் கட்டடம் 2002-க்கு முன் எழும்பியது என்றால் கடைசிவரை படித்துவிடுங்கள். நான் 1992-லிருந்து கட்டட சைட்டுகளில் பொறியாளராக வேலை பார்த்தவன். மாம்பலம், அசோக் நகர், திருவான்மியூர் பக்கம் இந்த மாதிரிக் கட்டடங்கள் பலவற்றைக் கூடவே நின்று கட்டியிருக்கிறேன். அவற்றில் இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த நினைப்புதான் என்னை எழுத வைக்கிறது.

2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலையில் குஜராத்தின் கட்ச் பகுதி 7.7 அளவு நிலநடுக்கத்தில் நொறுங்கியது. இரண்டு வாரம் கழித்து என் மூத்த பொறியாளர் என்னை அகமதாபாத்துக்குக் கூட்டிப்போனார். நடுக்கத்தின் மையத்திலிருந்து அந்த ஊர் 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு தெருவில் முதல் மாடி பால்கனி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. கைப்பிடிக் கம்பியில் யாரோ காயப்போட்ட சேலை அப்படியே கிடந்தது. மேல் மாடிச் சுவர்களில் சொல்லிக்கொள்ளும்படி விரிசல் இல்லை. கீழ்த்தளம் மட்டும் காணாமல் போயிருந்தது. இடுக்கில் ஒரு காரின் கூரை முழங்கால் உயரத்தில் தெரிந்தது. சார் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நாமும் இதைத்தானே கட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

ஏன் கீழ்த்தளம் மட்டும் போகிறது? மேல் மாடிகளில் பில்லர்களுக்கு நடுவே செங்கல் சுவர் இருக்கிறது. தரை ஆடும்போது அந்தச் சுவர்கள் எல்லாம் சேர்ந்து மேல்பகுதியை ஒரே பெட்டி மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கீழே சுவர் கிடையாது, வெறும் பில்லர். நெல் நிறைந்த பத்தாயத்தை நான்கு கழியின் மேல் தூக்கி வைத்து ஆட்டினால் என்ன ஆகும்? பத்தாயம் வளையாது, கழிதான் வளையும். முழு ஆட்டத்தையும் கார் நிறுத்தத்துப் பில்லர்களின் தலையும் காலும் மட்டுமே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"சென்னையில் அதெல்லாம் வராது சார்" என்பதைப் பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன். 2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் வந்தது. அன்று சென்னையில் எத்தனை பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றோம் என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் வந்திருக்கிறது. மகாராஷ்டிராவின் லாத்தூர், கில்லாரி பகுதி அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே தூக்கத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். சென்னையில் நாளைக்கே வரும் என்று யாரையும் பயமுறுத்த மாட்டேன். எப்போது வரும் என்று யாராலும் சொல்லவும் முடியாது. மிதமாக வந்தாலே தாங்காத கட்டடங்கள் நம்மிடம் இருக்கின்றன என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

2002 கணக்குக்கு வருகிறேன். அந்த வருடம் ஐஎஸ் 1893 என்ற, கட்டடங்களை நிலநடுக்கத்துக்கு ஏற்ப வடிவமைப்பதற்கான இந்தியத் தரக் குறியீட்டைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். மண்டல எண் கூடினால் நிலநடுக்க ஆபத்தும் கூடுதல் என்று அர்த்தம். கீழ்த்தளம் திறந்திருந்தால் அந்தத் தளத்தின் பில்லர்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்க வேண்டும் என்றும் அதில் சொன்னார்கள். அதற்கு முன் நாங்கள் கட்டிய சாதாரண நான்கு மாடிக் கட்டடங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் போட்டதில்லை. மேலிருந்து இறங்கும் பாரம் எவ்வளவு என்று பார்ப்போம், அதோடு சரி. அறைக்குள் துருத்தக் கூடாது என்பதற்காகப் பில்லரைச் சுவர் கனத்துக்கே, 9 அங்குலத்துக்கு, நிறுத்திவிடுவோம். இன்றைய விதிப்படி நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய பில்லர் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறக்குறைய ஒரு அடி.

அடுத்தது ரிங். பில்லரின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தைச் சைட்டில் அப்படித்தான் சொல்வோம். கரும்புக் கட்டைச் சுற்றிய கயிறு மாதிரி அது. முடிச்சு அவிழ்ந்தால் கட்டு சிதறிவிடும். ரிங்கின் இரண்டு நுனியையும் 135 டிகிரிக்கு மடக்கி, பில்லரின் நடுவயிற்றை நோக்கிக் கொக்கி போட வேண்டும். அப்போது வெளிப்பூச்சு உதிர்ந்தாலும் ரிங் விரியாது. நாங்கள் 90 டிகிரிக்கு மடக்கிவிட்டு நகர்ந்தோம். ஒரு ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் எட்டு அங்குலம் விட்டோம். பில்லரின் தலையிலும் காலிலும் நான்கு அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில்கூட அதே எட்டுதான். கம்பி கட்டும் தொழிலாளிகள் மேல் இதில் தப்பில்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் நாங்கள், எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

போன வருடம் கடற்கரையை ஒட்டிய ஒரு அடுக்ககத்தில் செயலர் என்னைக் கூப்பிட்டிருந்தார். மூலையில் இருந்த பில்லரைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினேன். மேலே தட்டினால் கெட்டியாகச் சத்தம், கால்பக்கம் வந்தால் பொத்தல் பானைச் சத்தம். பூச்சை உடைத்துப் பார்த்தால் ரிங் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தூள்தான் இருந்தது. விரலால் தொட்டேன், உதிர்ந்தது. காரணம் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் அந்தப் பில்லரை ஒட்டித்தான் போர்வெல் தண்ணீரில் கார் கழுவுகிறார்கள். கடல் காற்று, உப்புத் தண்ணீர், முப்பது வருடம். அதன் மேல் நான்கு முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விரிசல் வந்தபோதெல்லாம் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். உள்ளே துரு பருத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இனி என்ன செய்யலாம்? முதலில், நிலநடுக்கம் பற்றி அனுபவமுள்ள ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் காண்டிராக்டர் கூட்டிவருபவர் வேண்டாம். காங்கிரீட்டின் வலுவை அறிய ஒன்றிரண்டு இடத்தில் கோர், அதாவது உருளை மாதிரி ஒரு துண்டு, குடைந்து எடுப்பார்கள். புதிதாக உடைத்த காங்கிரீட் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நல்ல காங்கிரீட் பளிச்சென்று ரோஸ் நிறம் காட்டும். நிறம் மாறாத ஆழம் வரை அது கம்பியைத் துருவிலிருந்து காக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையின்போது எல்லோரும் கீழே வந்து பாருங்கள். பத்து கூட்டத்தில் பேசிப் புரியாதது அந்த நிறத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

வலுப்படுத்தும் வேலையில் இரண்டு வழி பொதுவாக வரும். ஒன்று ஜாக்கெட்டிங். பழைய பில்லரைக் கொத்தி, துருவை நீக்கி, சுற்றிலும் புதுக் கம்பியும் நெருக்கமான ரிங்கும் கட்டி, மைக்ரோ காங்கிரீட் (குறுகிய இடுக்கிலும் இறங்கும் பொடி ஜல்லிக் காங்கிரீட்) ஊற்றிப் பில்லரைப் பருமனாக்குவது. புதுக் கம்பி கீழே அஸ்திவாரத்தில் ஊன்ற வேண்டும், மேலே சிலாபைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். தரையில் ஆரம்பித்துக் கூரையில் முடிந்துவிட்டால் உறை போட்ட மாதிரி பார்க்கத்தான் நன்றாக இருக்கும், ஆடும்போது தலையிலும் காலிலும் கைவிட்டுவிடும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முட்டுக் கொடுத்து இரண்டு மூன்று பில்லராக எடுத்துச் செய்தால் பெரும்பாலும் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்காது.

இன்னொன்று, சில பில்லர்களுக்கு நடுவே அஸ்திவாரத்திலிருந்து காங்கிரீட் சுவர் எழுப்புவது. கட்டடத்தின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும், இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். ஒரே பக்கம் வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும், உள்ளதும் கெடும். இதற்கு முறையான அனுமதி வாங்க வேண்டும், ஒன்றிரண்டு கார் இடமும் போகும். சண்டை இங்கேதான் வரும் என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் எல்லோரும் சரி என்றார்கள், யாருடைய இடம் போவது என்ற கேள்வியில் எட்டு மாதம் நின்றுபோனது. கடைசியில் இடம் இழந்தவருக்கு மற்றவர்கள் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொடுத்து முடித்தார்கள். நீங்கள் வேறு வழி கண்டுபிடிக்கலாம், பேசி முடியுங்கள்.

"எப்படியும் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம், எதற்குச் செலவு" என்று சிலர் சொல்கிறீர்கள். புதிதாகக் கட்டுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சு ஆரம்பித்து எத்தனை வருடம் ஆகிறது என்று உங்கள் மினிட்ஸ் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதுவரை அந்தப் பில்லர்களுக்கு மேலேதான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். முழு வேலைக்குப் பணம் இல்லை என்றால் சோதனையையாவது செய்யுங்கள், மோசமான பில்லர்களை முதலில் எடுங்கள். மொட்டை மாடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ஷெட், ஹாலைப் பெரிதாக்கச் சுவரை உடைப்பது, இதையெல்லாம் இன்றே நிறுத்துங்கள். பில்லர் பக்கத்தில் கார் கழுவுவதையும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாக் கார்களையும் தெருவில் நிறுத்திவிட்டு, ஒரு டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பில்லர் பில்லராகச் சுற்றி வாருங்கள். ஜெனரேட்டருக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் மோசமானது அங்கேதான் இருக்கும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களோடு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சைட் பொறியாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை